பன்னிரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறின் ஜாதகம்

ஜூலை 2, செவ்வாய்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். உரக்கடைக்காரர் ஜனவரியில் அப்பாவுக்குக் கொடுத்தது இது. தாள் வழுவழுப்பாக இருக்கிறது என்று ஆறு மாதமாக யாரும் இதைத் தொடவில்லை. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டேன். "எடுத்துக்கோ" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

என் பெயர் வடிவு. பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். அப்பா மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து, அந்த வீட்டு வெள்ளை அட்டையில் எழுதுவார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அம்மா இன்று காலை ஏழரை மணி பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனாள். அங்கே பெரியம்மா வீடு இருக்கிறது. அப்பா அப்போது முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. பஸ் நிறுத்தம் வரை பையை நான்தான் தூக்கிப் போனேன். சாரல் காற்று அடித்தது. படியில் கால் வைக்கும் முன் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

இங்கே ஒரு வரியை அடித்துவிட்டேன். பேனா மை கசிந்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல அப்பா வாசல் நடையில் நின்று எங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்து உரக்க வாசித்தார். "ஒண்ணு, ரெண்டு, நாலு, ஒம்பது, ஆறு." நான் நோட்டில் எழுதினேன். 12496.

ஜூலை 3, புதன்

சோறு குழைந்துவிட்டது. அப்பா கஞ்சி மாதிரியே குடித்துவிட்டுப் போனார். ரீடிங் 12498.

ஜூலை 4, வியாழன்

கணக்கு வகுப்பில் எமிலி டீச்சர் ஒரு புது வேலை கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் கிடைக்கும் ஓர் ஐந்து இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு அதன் ஜாதகத்தை எழுத வேண்டும். ஒற்றையா இரட்டையா, பகா எண்ணா பகு எண்ணா, எந்தெந்த எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும், எந்த வகையைச் சேர்ந்தது, எல்லாம். ஜூலை 26-ஆம் தேதி கொடுக்க வேண்டும்.

ஜெசிந்தா உடனே எழுந்தாள். "டீச்சர், எங்க சித்தப்பா வாங்குன லாட்டரிச் சீட்டு நம்பரை எடுக்கலாமா?"

"பரிசு விழுந்துச்சா?"

"விழல டீச்சர். ஜாதகம் எழுதுனாத்தான் ஏன் விழலன்னு தெரியும்."

டீச்சரே சிரித்துவிட்டார்கள். என்னிடம் கேட்டபோது யோசிக்காமல் 12496 என்றேன். என்ன எண் அது என்றார்கள். வீட்டு மீட்டர் என்றேன். இன்று 12500 வந்துவிட்டது, அழகான எண், அதை எடுத்திருக்கலாம் என்று ஜெசிந்தா சாயங்காலம் சொன்னாள். எனக்கு 12496-தான் வேண்டும்.

ஜூலை 6, சனி

துணி துவைத்தேன். அப்பாவின் காக்கிச் சட்டையைப் பிழியக் கை போதவில்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன்.

அடுத்த வீட்டு ஆவுடை அக்கா சுண்டல் கொண்டுவந்தாள். கிண்ணத்தைக் கையில் கொடுக்காமல் அடுக்களை வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, ஒங்க அம்ம எப்ப வாரா?"

"வந்துருவா."

"அதான் எப்பங்கேன். என் ஜாக்கெட்டுக்கு ஒரு கை மட்டும் வச்சிட்டுப் போயிருக்கா. ஒத்தக் கையோட நான் கல்யாணத்துக்குப் போகவா?"

மோட்டார் வைத்த தையல் மிஷின் மேல் அம்மா பழைய சேலையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு மூலையிலும் சேலையை உள்ளே மடித்துச் செருகியிருக்கிறாள். இரண்டு நாளைக்குப் போகிறவர்கள் அப்படிச் செருக மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு எதையும் ஒழுங்காகச் செய்யும் வழக்கம் உண்டு.

ஜாதகம் தொடங்கிவிட்டேன். 12496 இரட்டை எண். இலக்கங்களைக் கூட்டினால் 22. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வருகிறது, ஆகவே பதினொன்றால் வகுபடும். நான்கு முறை இரண்டால் வகுக்கலாம். வகுத்தால் 781 வரும். அது பதினொன்று பெருக்கல் எழுபத்தொன்று. இதற்கு மேல் உடையாது. மொத்தம் இருபது காரணிகள். இருபது அறைகள் உள்ள வீடு மாதிரி இருக்கிறது. கண்ணை மூடினால் ஒவ்வோர் அறைக்கும் கதவு தெரிகிறது. 71 என்ற அறையில்தான் ஜன்னல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று மழை. பள்ளியிலிருந்து வந்ததும் மீட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் ஒரு வெள்ளி வட்டு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. கோடு முன்னால் வரும், மெல்ல நகரும், பின்பக்கம் போய் மறையும். மறைந்ததும் இனி வராது என்று தோன்றும். பிறகு இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும் நாட்களில் அது விறுவிறுவென்று வரும். இப்போது ஒரு சுற்று வருவதற்குள் ஒரு வாய்ப்பாடு சொல்லி முடித்துவிடலாம்.

தினமும் ரீடிங் வாசிப்பது அப்பாவின் பழக்கம். ஊர் மீட்டரை எல்லாம் பார்த்துவிட்டு வந்து வீட்டு மீட்டரைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மே மாத விடுமுறையில் அந்த நோட்டை வைத்து நான் ஓர் அட்டவணை போட்டேன். தைக்கிற நாள் ஒரு பக்கம், தைக்காத நாள் ஒரு பக்கம். தைக்காத நாளில் மூன்று யூனிட், தைக்கிற நாளில் ஐந்து. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டேன். "எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் இப்படி எழுத மாட்டான்" என்று அப்பா சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா ரீடிங் வாசிக்கும்போது அம்மாவின் பக்கம் பார்த்து, "இன்னிக்கி அஞ்சு. மிஷினு நல்லாத்தான் தின்னுது" என்பார். கேலியாகத்தான் சொல்வார். அம்மா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் அளவு கொடுக்க வந்த மூன்று பேர் நடையில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். அம்மா வாயில் இருந்த நூலைப் பல்லால் அறுத்தாள். அன்று இரவு மிஷின் ஓடவில்லை.

ரீடிங் 12510. நாளுக்கு இரண்டுதான்.

ஜூலை 11, வியாழன்

டீச்சர் எண்களின் வகைகளைச் சொன்னார்கள். ஓர் எண்ணின் காரணிகளை எழுதி, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதாக வந்தால் அது மிகை எண். சிறிதாக வந்தால் குறை எண். சரியாக அதே வந்தால் நிறை எண். ஆறு நிறை எண். 496-உம் நிறை எண்.

என் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 496. நோட்டில் அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து கூட்டினேன். 14288 வந்தது. மிகை எண்தான். நிறைவை வாலில் கட்டிக்கொண்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார்கள். 220-இன் காரணிகளைக் கூட்டினால் 284 வரும். 284-இன் காரணிகளைக் கூட்டினால் திரும்ப 220 வரும். ஒன்று மற்றொன்றைத் தேடிப் போவதால் அவை நேச எண்கள்.

நான் எழுந்து, "டீச்சர், ரெண்டு எட்டு நடந்து திரும்பி வருதுன்னா, மூணு நாலு எட்டு நடந்து திரும்பி வர்றதும் உண்டா?" என்று கேட்டேன்.

"போய்த்தான் பாரேன்" என்றார்கள்.

என் எண்ணின் இருபது காரணிகளில் 284 இருக்கிறது. 220 இல்லை. மூன்று தரம் பார்த்தேன். இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் அப்பா தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். எட்டரைக்கு ஒன்று, ஒன்பதேகாலுக்கு ஒன்று என்றேன். பத்தரை வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "போனவளுக்கு வரத் தெரியாதா" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சைக்கிளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த சைக்கிள்.

பதினொரு மணிக்கு ஆவுடை அக்கா வீட்டுக்கு அம்மாவின் போன் வந்தது. ஓடிப் போனேன்.

"சாப்பிட்டியாட்டி?"

"சாப்பிட்டேன்."

"தலைக்கு எண்ணெ வச்சியா?"

"வச்சேன்."

போனில் பெரியம்மா வீட்டுச் சேவல் கூவுவது கேட்டது. பிறகு அம்மா, "அப்பாட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

"ம்."

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். ஆவுடை அக்கா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மத்தியானம் முழுக்கத் தூறல். 12496 ஓர் எட்டு எடுத்து வைத்து 14288 ஆகிவிட்டது அல்லவா, அதைப் பின்தொடர்ந்து போவது என்று முடிவு செய்தேன். 14288-க்கும் இருபது காரணிகள். கூட்டினால் 15472. இன்னும் மேலே போகிறது. வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். என்ன பந்தயம் என்று எழுத மாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கனவு கண்டேன். 15472 ஒரு சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பை வைத்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டியது. உள்ளே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று சின்னச் சின்னப் பொத்தான்கள் இருந்தன.

ஜூலை 17, புதன்

15472-ஐ நான்கு முறை இரண்டால் வகுத்தால் 967 வருகிறது. அதற்கு மேல் அசையவில்லை. ஏழால் வகுத்தேன், ஒன்று மீதி. பதின்மூன்றால், ஐந்து மீதி. இருபத்துமூன்றால், ஒன்று மீதி. முப்பத்தொன்று வரை போய்விட்டுத் திரும்பினேன். 967 பகா எண். யார் தட்டினாலும் கதவைத் திறக்காது.

பருப்பு அடிபிடித்துவிட்டது. வகுத்துக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டேன். அப்பா சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். "ஒங்க அம்ம இருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேரையும் தேச்சிருப்பா" என்றார். அவள் போன பிறகு அவளைப் பற்றி அப்பா சிரித்துப் பேசியது இதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு வெகுநேரம் தேய்த்தார்.

கூட்டினேன். 14536. எண் முதல் தடவையாகக் கீழே இறங்குகிறது. 15472 குறை எண்.

ஜூலை 19, வெள்ளி

14536-இன் காரணிகளைக் கூட்டினால் 14264. இன்னும் இறங்குகிறது. வீட்டுப் பக்கமாகத்தான் வருகிறது. ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"ஒன் நம்பரு ஊர் சுத்துது. என் நம்பரைப் பாரு, பகா எண்ணு. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர ஒருத்தனாலயும் வகுபடல. அதான் பரிசே ஒட்டல" என்றாள்.

ஜூலை 20, சனி

கையெழுத்து கோணலாக இருக்கும்.

மத்தியானம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு 14264-ஐ எடுத்தேன். மூன்று முறை இரண்டால் வகுத்தால் 1783. அது பகா எண்ணா என்று பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பகா எண்தான். ஆகவே எட்டே எட்டுக் காரணிகள். எப்போதும்போல ஜோடி ஜோடியாக எழுதினேன். இடப்பக்கம் சின்னது, வலப்பக்கம் அதன் ஜோடி. அந்த எண்ணையே சேர்க்கக் கூடாது என்பதால் அதை அடித்துவிட்டு மீதியைக் கூட்டினேன். அவசரம் தாங்கவில்லை. பன்னிரண்டாயிரம் வந்தது. நானூறு வந்தது. தொண்ணூறு வந்தது.

12495.

இன்னொரு முறை கூட்டினேன். 12495. கீழிருந்து மேலாகக் கூட்டினேன். 12495.

ஒன்று குறைகிறது. அத்தனை தூரம் போய்விட்டு, தெருமுனை வரை வந்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

ரீடிங் 12532. எழுதும்போது அப்பா, "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா போன் பண்ணவில்லை. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆவுடை அக்கா வீட்டில் அரிசி புடைத்துக் கொடுத்தேன்.

12495-ஐப் பின்தொடர்ந்து பார்த்தேன். விட மனமில்லை. 12129. அப்புறம் 5343. 2385. 1827. 1293. 435. 285. 195. 141. 51. 21. 11. கடைசியில் 1. அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. சாயங்காலம் முழுக்க அது உருகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐஸ் கட்டியைக் கையில் வைத்திருப்பதுபோல.

ஜூலை 23, செவ்வாய்

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

ரீடிங் எழுதி முடித்ததும் அப்பா என் கணக்குத் தாள்களை எடுத்துப் பார்த்தார். அவருக்குக் காரணி, பகா எண் எல்லாம் மறந்துவிட்டது. ஆனால் எண்கள் வரிசையாக இருந்தால் அவருக்குப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 14264-ஐ வகுத்த தாளில் விரலை வைத்தார்.

"இது என்ன, வரியவே அடிச்சிருக்க?"

"அந்த நம்பரைச் சேக்கக் கூடாதுப்பா. அதான்."

"எந்த நம்பரை?"

"பதினாலாயிரத்து இருநூத்து அறுபத்து நாலை."

"அப்ப அதை மட்டும்லா அடிக்கணும்? அதுக்குப் பக்கத்துல இருக்கவன் என்ன பண்ணுனான்?" முன் தாளை எடுத்துக் காட்டினார். "இங்கன பாரு, வலப்பக்கத்த மட்டும் அடிச்சிருக்க. இதுலயும் அப்படித்தான். அந்தத் தாள்ல மட்டும் கோட்டை இழுத்து விட்டுட்ட. எங்க அட்டைல இப்படி அடிச்சா எஞ்சினியரு மூஞ்சில வீசிருவாரு. தப்பு எதுவோ அதை மட்டும் அடி. அடிச்சதும் வாசிக்கத் தெரியணும். பக்கத்துல இன்ஷியல் போடு. வரி முழுக்க அடிக்கவனுக்கு மறைக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே, இடப்பக்கம், 14264-இன் ஜோடியாக 1 இருந்தது.

எல்லா எண்ணுக்கும் காரணியாக இருப்பது அது. இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 12495-உடன் அதைக் கூட்டினேன்.

12496.

அப்பா, "சரியா வருதா?" என்று கேட்டார். "வருது" என்றேன். அழுதுவிட்டேன். கணக்கு சரியாக வந்ததற்கு அழுகிற பிள்ளையை அப்பா பார்த்ததில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் பென்சிலைச் சீவிக் கொடுத்தார்.

இப்போது ஜூலை 2-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மை கசியவில்லை. நான்தான் அடித்தேன். அடித்த வரி இது:

"அப்பாட்ட சொல்லு. வந்து ஒரு வார்த்த கூப்பிட்டாவன்னா அடுத்த பஸ்ஸுல வந்துருதேன்" என்று அம்மா சொன்னாள்.

சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கும் சொல்லவில்லை. அப்பா போனால் இரண்டு பேரும் பேசுவார்கள். பேசினால், அம்மாவின் தையலுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டியது யார் என்று தெரிந்துவிடும். அப்பாதான் கணக்குப் பார்க்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இன்ஷியல் போட்டுவிட்டேன். ச. வடிவு.

ஜூலை 24, புதன்

அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். போனில் பொய் சொன்னதைச் சொன்னேன். அட்டவணை என்னுடையது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்ததையும் சொன்னேன்.

அப்பா எழுந்து கை கழுவினார். நடைக்குப் போய் மீட்டர் முன்னால் நின்றார். வாசிக்கவில்லை. சிவப்புக் கோடு இரண்டு முறை வந்து போகும்வரை நின்றார்.

"மூணு வாரம்" என்றார்.

"இருபத்து ரெண்டு நாள்ப்பா."

"அட்டவணை போட்டது நீ. ஆள்களுக்கு முன்னால வாசிச்சது நான்தான" என்றார். பிறகு, "இஸ்திரிப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்தார். காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. சுட்டிக்காட்டலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

அப்பா லீவு போட்டுவிட்டு எட்டரை பஸ்ஸில் போனார். ஆவுடை அக்கா வீட்டில் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளச் சொன்னார். மாலை ஆறு மணிக்கு நான் மட்டும் மீட்டர் முன்னால் நின்றேன். 12543. வாசிக்க ஆள் இல்லாததால் மனதுக்குள் வாசித்துக்கொண்டேன்.

அப்பா இன்னும் வரவில்லை. வந்தால் இரண்டு பேராக வருவார்களா என்று தெரியவில்லை. எண் திரும்பி வந்தால் அம்மாவும் வருவாள் என்றுதான் பந்தயம் வைத்திருந்தேன். எண் வந்துவிட்டது. ஆனால் எண்ணிடம் யாரும் பொய் சொல்லவில்லை.

ஜூலை 26, வெள்ளி

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்வரை வீடு பூட்டியே இருந்தது.

ஜாதகத்தைக் கொடுத்தேன். எமிலி டீச்சர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அங்கே ஒரு வட்டம் வரைந்து, 12496, 14288, 15472, 14536, 14264 என்று எழுதி, திரும்ப 12496-க்கு அம்புக்குறி போட்டிருந்தேன். அவர்களே ஒரு தாளை எடுத்து ஐந்து கூட்டலையும் போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்தும் எழவில்லை.

"எந்தப் புத்தகத்துல பாத்த?"

"எங்க வீட்டு மீட்டர்ல டீச்சர்."

இப்படிப் பல எட்டுகள் வைத்துத் திரும்பி வரும் கூட்டத்துக்குத் தோழமை எண்கள் என்று பெயர் என்றும், கல்லூரியில் படித்தபோது கேள்விப்பட்டது என்றும் சொன்னார்கள். அந்த வகையிலேயே மிகச் சிறிய எண் 12496 என்றுதான் ஞாபகம் என்றார்கள். கணக்குத் தாளில் அடித்திருந்த வரியையும், அப்பா சொன்னபடி நான் பக்கத்தில் போட்டிருந்த இன்ஷியலையும் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்கள். திருத்தியதற்கு அடையாளம் என்றேன். அவர்கள் தலையசைத்தார்கள். ஜெசிந்தா, "அதிர்ஷ்டக்காரி, ஒங்க மீட்டரை எங்க சித்தப்பாட்ட காட்டாத" என்றாள்.

நான்கரை மணிக்குத் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. தூறலுக்குள் மழைப்பூச்சி ரீங்கரிப்பதுபோல, விட்டு விட்டு. ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தேன். ஓடினால் நின்றுவிடும்போல் இருந்தது.

சேலை மடித்து நாற்காலியில் கிடந்தது. அம்மா ஆவுடை அக்காவின் ஜாக்கெட்டுக்கு இரண்டாவது கையை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ சொல்லவே இல்லியாமே."

"இல்லம்மா."

"போன்ல 'ம்'ன்னு சொன்னியே."

"பொய்ம்மா. அந்த அட்டவணையும்..."

"அது ஒன் எழுத்துன்னு எனக்குத் தெரியாதாக்கும். நீ ஆறு எழுதினா பூஜ்யத்துக்குக் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கும்." அம்மா துணியைத் திருப்பி வைத்தாள். "மே மாசத்துலயே பாத்தேன். கோடெல்லாம் நல்லாத்தான் போட்டிருந்த. ஒரு வரி விட்டுட்டியேன்னு நெனச்சேன். எத்தன ஜாக்கெட்டுன்னு ஒரு வரி."

அம்மா ஒரு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "நாப்பது கொக்கி இருக்கு. மூணு வாரம் வாயத் தெறக்காததுக்கு இதான் ஒனக்கு. ஒக்காரு."

ஒன்பது கொக்கி தைத்தேன். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.

நேற்று என்ன நடந்தது என்று அப்பாவைக் கேட்டேன். பெரியம்மா காபி கொடுத்தாளாம். கடைசி பஸ் போகும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதனால் ராத்திரி அங்கேயே பெஞ்சில் படுத்தாராம். காலையில் அம்மாவே பையை எடுத்துக்கொண்டு வந்து, "காலரைக்கூட ஒழுங்காத் தேய்க்கத் தெரியல, கூப்பிட வந்துட்டாவ" என்றாளாம்.

"நீங்க கூப்பிட்டீங்களாப்பா?"

"கூப்பிட்டேன்" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

ஆறு மணிக்கு அப்பாவின் கால்கள் தாமாக நடைக்குப் போயின. நானும் பழக்கத்தில் நோட்டை எடுத்தேன். மிஷின் சத்தம் நின்றது. சிவப்புக் கோடு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தது, இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது.

"வாசிங்களேன்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "எனக்கும் கேக்கட்டும்."

அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி அதில்தான் இருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்தது.

"கண்ணாடி எடுக்கல" என்றார். துண்டால் மீட்டரின் மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, ஆவுடை அக்காவின் ஜாக்கெட்டை மடித்து வைத்தார். தப்பாகத்தான் மடித்தார். அம்மா திரும்ப மடித்தாள்.

மிஷின் மறுபடி ஓடியது. எட்டரைக்குச் சாப்பிட்டோம். சோறு குழையவில்லை.

இன்றைய தேதிக்கு நேரே நோட்டு காலியாக இருக்கிறது. எத்தனை யூனிட் என்று எனக்குத் தெரியாது. பார்க்கவும் இல்லை. அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்துவிட்டாள், அப்பா கதவைத் தாழிட்டார். "எழுதுனது போதும், படு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

விளக்கை அணைக்கப் போகிறேன்.